குப்பைக் கிடங்கு வருவதை ஊர் எப்போது அறிய வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

குப்பையைத் தரம் பிரிப்பது பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள், திடக்கழிவு நிலையம் ஒன்றுக்கு அனுமதி வழங்கும் முன் ஊராருக்கு எப்படி, எப்போது அறிவிக்க வேண்டும் என்பதைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். சில கடிதங்களில் ஊரின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கண்மாயை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கில் குப்பை பதப்படுத்தும் நிலையமும் கிடங்கும் வரப்போவதாகத் தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஊராருக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? இருந்தால், எந்தக் கட்டத்தில் தெரிவிப்பார்கள்?
– ஒரு வாசகி, காரைக்குடி வட்டம்

பதில்: சட்டம் இருக்கிறது. ஆனால் தாங்கள் எதிர்பார்க்கும் கட்டத்தில் அது பேசுவதில்லை. இத்தகைய நிலையம் ஒன்று எழுவதற்கு மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது நிலம்; இரண்டாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் அங்கீகாரமும்; மூன்றாவது, திட்டத்தின் தன்மையைப் பொறுத்துத் தேவைப்படும் சுற்றுச்சூழல் அனுமதி. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாம் செய்தித்தாளில் படிப்பது மூன்றாவது வாயிலுக்கு மட்டுமே உரியது.

மத்திய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், பொது நகரத் திடக்கழிவு மேலாண்மை வசதி என்பது 7(ஐ) என்னும் இனமாக, ‘பி’ பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. அப்பிரிவுத் திட்டங்களை மாநில அளவிலான ஆணையம் ஆராய்ந்து, ‘பி1’ என்றோ ‘பி2’ என்றோ வகைப்படுத்தும். ‘பி1’ என்றால் விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. ‘பி2’ என்றால் இரண்டும் இல்லை. ஆகவே, ஊரில் கூட்டம் நடக்குமா நடக்காதா என்பது, ஊரார் அறியாத ஒரு மேசையில், ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இடப்படும்போதே முடிவாகிவிடுகிறது.

கூட்டம் உண்டென்றால் அதற்கான விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னதாக, பெரிய தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வாரியம் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகியவற்றில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கூட்டத்தைத் திட்டம் அமையும் இடத்திலேயோ அதற்கு மிக அருகிலோ நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க, நிகழ்ச்சி முழுவதையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் நல்ல விதிகளே. ஆனால் இவை தொடங்கும்போது நிலம் ஏற்கெனவே தேர்வாகி, அளந்து, கல்லும் ஊன்றப்பட்டிருக்கும். பந்தல் போட்டு முகூர்த்த நாளும் குறித்த பிறகு மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்றது இது. எனவே தாங்கள் கண் வைக்க வேண்டியது முதல் வாயிலின் மீது. புறம்போக்கு நிலத்தை வேறு பயன்பாட்டிற்கு மாற்றும் முன்மொழிவு வருவாய்த் துறையில் எழும்போது கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, ஊராட்சியின் தீர்மானம், ‘ஏ1 நோட்டீஸ்’ என்று அலுவலகப் பேச்சில் வழங்கும் ஆட்சேப அறிவிப்பு ஆகிய தாள்கள் உருவாகின்றன. அந்த நோட்டீசு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுக் காய்ந்து உதிர்ந்த பிறகு, ‘ஆட்சேபம் ஏதும் வரவில்லை’ என்னும் ஒரு வரி கோப்பில் ஏறிவிடும். பின்னாளில் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நூறு பேர் எழுந்து பேசினாலும், அந்த ஒரு வரி கோப்பில் இருக்கத்தான் செய்யும்.

நிலத்தின் புல எண்ணை முதலில் அறிந்துகொள்ளுங்கள். கிராம நிலங்களின் விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டில் அது எவ்வகை நிலமாகப் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். மேய்க்கால் என்று கருதிவந்தது கண்மாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியாகவே பதிவாகியிருந்தால், வழக்கின் போக்கே மாறிவிடும். தேநீர்க் கடைப் பேச்சை அலட்சியம் செய்ய வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரசிதழுக்கு முன்னால் செய்தி அங்கேதான் வந்து சேர்கிறது.

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது, நாங்கள் சென்னையில் வசிக்கிறோம், பங்காளிகளில் சிலர் மலேசியாவில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவிற்கும் திருமணங்களுக்கும் மட்டுமே ஊருக்கு வருகிறோம். ஊருக்கு அருகே இத்தகைய நிலையம் வருவதாக இருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியவரும்? கருத்துச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: உரிமை உண்டு. 2006 அறிவிக்கையின்படி கருத்துக் கேட்பு என்பது இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, உள்ளூரில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களுக்காக நேரில் நடக்கும் கூட்டம். மற்றொன்று, திட்டத்தில் நியாயமான அக்கறை உடைய எவரும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கும் கருத்து. கோலாலம்பூரில் இருக்கும் தங்கள் பங்காளியும் எழுதலாம். அவர் எழுதியது திட்ட ஆவணங்களோடு சேர்க்கப்பட்டாக வேண்டும். செய்தித்தாள் அறிவிப்பு தங்கள் கண்ணில் படாமல் போகக்கூடும் என்பதால், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் மாவட்டத்தின் பெயரைக் கொண்டு அவ்வப்போது தேடிப் பார்ப்பது நல்லது.

இதில் மனத்தில் உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். அந்த வீடுகளைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காப்பவர்களும், கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவர்களும், ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்புகளில் வாழ்பவர்களும்தான் கிடங்கின் காற்றைச் சுவாசிக்கப் போகிறவர்கள். அவர்களில் எத்தனை பேர் நாளிதழின் உள்பக்கத்தில் சிற்றெழுத்தில் வரும் அறிவிப்பைப் படிக்கிறார்கள்? நாளிதழ் சென்று சேராத இடங்களில் பறையறைந்தும் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் தெரிவிக்க வேண்டும் என்று 2006 அறிவிக்கையே சொல்கிறது. தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்திக்கொள்ளுமாறு 2022 ஆகஸ்டில் அரசு அறிவுறுத்தியது. அந்த இழிவை ஒருவர் தலையில் சுமத்தக் கூடாது என்பதே காரணம். அது சரியான முடிவு. அதன் இடத்தில் வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொல்லியிருக்கிறது. ஆகையால், தங்கள் ஊரில் கூட்டம் அறிவிக்கப்பட்டால், எந்தெந்தத் தெருக்களில் ஒலிபெருக்கி வண்டி சென்றது என்று கேட்பது வம்புக் கேள்வி ஆகாது. வளவுகள் எனப்படும் பெரிய வீடுகள் உள்ள தெருக்களில் மட்டும் சுற்றிவிட்டு, கிடங்கை ஒட்டிய குடியிருப்பைத் தவிர்த்த வண்டி அறிவித்ததாகவே கொள்ள முடியாது. ஊரில் வீடு உள்ளவர்கள் தங்களுக்காக மட்டும் எழுதாமல் இதையும் சேர்த்து எழுதினால், அந்தக் கடிதத்திற்கு வலு கூடும்.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பெரும்பான்மையினர் எதிர்த்தால் திட்டம் கைவிடப்படுமா?
– தேவகோட்டையிலிருந்து ஒருவர்

பதில்: இல்லை. அங்கே வாக்கெடுப்புக் கிடையாது; கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பும் கிடையாது. எழுப்பப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் திட்டக்காரர் விடையளித்து, இறுதி அறிக்கையைத் திருத்த வேண்டும் என்பதே விதி. ஆகவே ‘வேண்டாம்’ என்று முந்நூறு பேர் கையொப்பமிடுவதைவிட, மழைக்காலத்தில் கிடங்கின் கசிவுநீர் எந்த வாய்க்காலுக்குப் போகும் என்று ஒருவர் கேட்டுப் பதிவு செய்வது பயனுடையது. கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வட்டார மொழியில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். தலைமை வகித்தவர் அன்றே கையொப்பமிட வேண்டும். அதைக் கேட்காமல் எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அப்போதே சேர்க்கச் சொல்லலாம்.

கேள்வி: கிடங்கு நீர்நிலையிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்று எங்களிடம் சொல்கிறார்கள். எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் ஓர் ஊருணியோ கண்மாயோ குறுக்கிடுகிறது. அந்த 200 மீட்டரை எங்கிருந்து அளப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: மிக நல்ல கேள்வி. 2016 ஏப்ரல் 8 அன்று அறிவிக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளின் முதல் அட்டவணையில் இந்தத் தூரக்கணக்கு இருந்தது: நிலநிரப்புக் கிடங்கு ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளத்திலிருந்து 200 மீட்டரும், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பொதுப்பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். விமான நிலையத்திற்கு 20 கிலோமீட்டர். கிடங்கின் அடித்தளத்திற்கும் நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டத்திற்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி வேண்டும். அடியில் 90 சென்டிமீட்டர் கனத்திற்கு இறுக்கிய களிமண்ணும், அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள எச்.டி.பி.இ. எனப்படும் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும். கிடங்கை மூடிய பிறகும் 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். (புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் கொண்டிருப்பதால், ஆட்சேபம் எழுதும்போது திட்டம் எந்த விதிகளின் கீழ் பரிசீலிக்கப்படுகிறது என்பதை முதலில் கேட்டறிந்து, அந்த விதிகளின் பெயரையே குறிப்பிட வேண்டும்.)

இந்தத் தூரங்கள் புதைக்கும் கிடங்கிற்கு உரியவை. உரம் தயாரிக்கும் நிலையத்திற்கு அல்ல. கடிதங்கள் பலவற்றில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. தங்கள் ஊரில் வருவது எது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, எங்கிருந்து அளப்பது என்பதற்கு வருவோம். நம் பகுதியில் வற்றாத ஆறு இல்லை. மழையைத் தேக்கியே ஊர்கள் எழுந்தன. வீட்டு முற்றத்தில் விழும் நீரைக்கூட வீணாக்காமல் வழி அமைத்தவர்கள், ஊருக்கு வெளியே வரத்துக்கால் வெட்டி ஊருணியை நிரப்பினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். இப்படிச் சங்கிலியாக அமைந்த நீர்நிலைகளில், கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாயின் நீர்விளிம்பிலிருந்து அளந்தால் ஒரு தூரமும், நிறைந்த நாளின் விளிம்பிலிருந்து அளந்தால் வேறொரு தூரமும் கிடைக்கும். நிறைகொள்ளளவில் நீர் எட்டும் எல்லையிலிருந்து அளக்க வேண்டும் என்று தாங்கள் எழுத்து மூலம் கோர வேண்டும். அளவை நாளையும் குறிக்கச் சொல்ல வேண்டும்.

அதைவிட முக்கியமானது, கிடங்கு கண்மாய்க்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது. கலுங்குக்குக் கீழே 150 மீட்டரில் உள்ள கிடங்கு அந்தக் கண்மாயைத் தொடாமல் இருக்கலாம். வரத்துக்காலின் தலைப்பில் 800 மீட்டருக்கு அப்பால் உள்ள கிடங்கோ ஒரே ஐப்பசி மழையில் கசிவுநீரை ஊருணிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். முதலாவது விதியை மீறுகிறது, இரண்டாவது விதிக்கு உட்பட்டது என்று தாள் சொல்லும். ஆனால், தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு ஆபத்து இரண்டாவதில்தான். இந்தச் செய்தி மதிப்பீட்டு அறிக்கை எழுதும் வெளியூர் ஆலோசகருக்குத் தெரியாது. ஒரே நாள் வந்து பார்த்துப் போகிறவருக்கு, புல் மண்டிய வரத்துக்கால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். ஊராருக்கு முன்கூட்டியே அறிவிப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. மடையையும் வாய்க்காலையும் அறிந்தவர்களைக் கேளாமல் இடம் தேர்ந்தெடுத்தால், பிழை வரைபடத்திலேயே நுழைந்துவிடும். தங்களிடம் நேரமிருந்தால், புலப்படத்தில் வரத்துக்கால்களை நிறம் தீட்டிக் குறித்து, ஊர்ப் பெரியவர்கள் சிலரின் கையொப்பத்தோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவின் கோடியில் நுண் உர மையம் அமைக்க வேலி போட்டிருக்கிறார்கள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இதற்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டா?

பதில்: இல்லை. 2016 விதிகளின்படி, நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் நிலையமே வாரியத்தின் அங்கீகாரம் பெற விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நுண் உர மையம் அந்த வரம்புக்கு உள்ளே அடங்கிவிட்டதால், உள்ளாட்சியின் தீர்மானம் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் இதைப் பேசலாம். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. நகர்ப்புறத்தில் பகுதி சபாவும் வார்டு குழுவும் உண்டு. 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு அண்டை ஊராட்சிகள் சிலவும் அதில் சேர்க்கப்பட்டன. அந்த ஊராட்சிகளில் நேற்றுவரை கிராம சபையில் கேட்டவர்கள், இனிப் பகுதி சபாவில்தான் கேட்க வேண்டும். இந்த மாற்றம் பலருக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். நன்றாக நடத்தப்படும் உர மையத்தில் நாற்றம் பெரிதாக வராது. அதை எதிர்ப்பதற்கு முன்னால், ஈரக்கழிவு எத்தனை நாளில் கிளறப்படும், வடிநீர் எங்கே தேங்கும், பிளாஸ்டிக் கலந்து வந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். விடை திருப்தியாக இருந்தால், வேலியை ஏற்றுக்கொள்ளலாம். சொல்லாமல் செய்தார்கள் என்ற கோபம் நியாயமானதே. எனினும் அது மையத்தின் மீதான குற்றச்சாட்டு ஆகாது.

கேள்வி: பார்வைக்கு வைத்திருந்த அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சில பக்கச் சுருக்கம் மட்டுமே. இது போதுமா?

பதில்: 2006 அறிவிக்கை சுருக்கத்தை மட்டுமே வட்டார மொழியில் கேட்கிறது என்பதால், விதிப்படி போதும், நடைமுறையில் போதாது. ஏனென்றால், ‘திட்டத்தால் பாதிப்பு மிகக் குறைவு’ என்று சுருக்கத்தில் வரும் வாக்கியத்திற்கு அடிப்படையான கிணற்று நீர்ச் சோதனை அட்டவணை ஆங்கிலப் பகுதியில்தான் இருக்கும். 2020இல் மத்திய அரசு புதிய தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை வெளியிட்டபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது திட்ட அறிக்கை பற்றிய ஆணையன்று. ஆயினும், புரியாத மொழியில் கருத்துக் கேட்பது கேட்பதாகாது என்னும் வாதத்திற்கு அதை எடுத்துக்காட்டலாம். மக்கள் கருத்துத் தெரிவிக்க உள்ள 30 நாட்களை 20 ஆகக் குறைக்க வேண்டும் என்று அதே வரைவு முன்மொழிந்தது என்பதையும் நினைவில் கொள்க.

செய்யக்கூடியது இதுதான்: நிலத்தடி நீர், காற்றின் திசை, கசிவுநீர், மாற்று இடங்களின் ஒப்பீடு ஆகிய நான்கு பகுதிகளை மட்டும் ஊரிலுள்ள கல்லூரி மாணவர் எவரையாவது கொண்டு படிக்கச் செய்யுங்கள். மாற்று இடங்களின் ஒப்பீடு ஒரு பக்கத்தில் முடிந்திருந்தால், உண்மையில் வேறு இடம் எதையும் பார்க்கவே இல்லை என்று பொருள்கொள்ளலாம்.

கேள்வி: சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாகிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. காலம் கடந்துவிட்டதா?

பதில்: அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை ஏற்பார்கள். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நாட்களை எப்போதிருந்து எண்ணுவது என்பதில்தான் அறிவிப்பு மறுபடியும் வருகிறது. அனுமதி பெற்றவர் அதை நிபந்தனைகளோடு இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். உள்ளாட்சி அமைப்புக்குப் படி கொடுக்க வேண்டும். உள்ளாட்சி அதை 30 நாட்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இவை முறையாக நடக்காதபோது, மக்களுக்குத் தெரிவிக்கும் கடமை நிறைவேறிய நாளிலிருந்தே காலக்கெடு தொடங்கும் என்று 2013இல் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே விளம்பரம் வந்த தேதிகளைத் தேடி எடுங்கள். அதோடு, தாமதிக்காமல் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: எல்லா ஊரும் ‘எங்கள் ஊரில் வேண்டாம்’ என்றால் குப்பை எங்கே போகும்? முன்கூட்டியே சொல்வது போராட்டத்திற்கு அழைப்பிதழ் வைப்பதாகத்தானே முடிகிறது? நான் உள்ளாட்சி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், அனுபவத்தில் கேட்கிறேன்.

பதில்: தங்கள் சலிப்பு புரிகிறது. குப்பை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒரு பெருநகரத்தின் குப்பையை அல்ல, நம் சொந்த வீட்டுக் குப்பையைப் பற்றியே பேசுகிறோம் என்பதை எதிர்ப்பவர்களும் மறக்கிறார்கள். ஆனால் சொல்லாமல் செய்தால் எதிர்ப்பு வராது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. தாமதமாக வரும், அவ்வளவுதான். அப்போது பணமும் செலவாகியிருக்கும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1979இல் நார்த்வுட் மேனர் என்ற குடியிருப்பினர், தங்கள் பகுதியில் அமையவிருந்த கிடங்கை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். அங்கே வேலை தொடங்கியபோது, வணிக வளாகமோ புதிய வீடுகளோ வருவதாகவே பலர் எண்ணியிருந்தனர். அந்த வழக்கிற்காக ராபர்ட் புல்லார்ட் என்னும் சமூகவியலாளர் ஆராய்ந்தபோது, நகரத்திற்குச் சொந்தமான ஐந்து நிலநிரப்புக் கிடங்குகளும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலேயே இருந்தது தெரியவந்தது. வழக்கில் குடியிருப்பினர் தோற்றனர். கேட்க ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கிடங்கு தானாக நகர்ந்துவிடும் என்பதே அந்த ஆராய்ச்சி காட்டிய உண்மை. நம் ஊர்களில் கிடங்குகள் எந்தக் குடியிருப்புகளை ஒட்டி இருக்கின்றன என்பதைத் தாங்கள் பணிக்காலத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

தங்களைப் போன்ற அனுபவசாலிகளிடம் நான் எதிர்பார்ப்பது வேறொன்று. ஒரே இடத்தை முடிவு செய்துகொண்டு ‘ஆட்சேபம் உண்டா’ என்று கேட்டால், ஊருக்கு முன்னால் இருப்பவை இரண்டே விடைகள். மூன்று இடங்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் நீரோட்டம் எப்படி, லாரி எந்தத் தெரு வழியாக வரும், எத்தனை ஆண்டுகளில் மூடப்படும், அதற்கான பணம் எங்கே வைக்கப்படும் என்று சொல்லிக் கேட்டால், பேச்சு வேறு திசையில் போகும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. இடத்தேர்வுக்கு முன் ஒரு கிராம சபை அல்லது பகுதி சபா போதும்.

கேள்வி: தகவல் கேட்க எங்கே, என்ன எழுத வேண்டும்?
– புதுவயல் வாசகர்

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தனித்தனியாக மூன்று விண்ணப்பங்கள் அனுப்புங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு: குறிப்பிட்ட புல எண்ணின் நிலமாற்ற முன்மொழிவு, அதற்கான ஆட்சேப அறிவிப்பு, அது எந்த நாளில் எங்கே ஒட்டப்பட்டது என்பதற்கான சான்று ஆகியவற்றின் நகல். உள்ளாட்சிக்கு: நிலையம் அமைப்பது தொடர்பான தீர்மானங்களின் நகல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு: இசைவாணை, அங்கீகாரம் ஆகியவற்றுக்கான விண்ணப்பமும் ஆய்வறிக்கையும். விடை 30 நாட்களில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974இன் 25ஆம் பிரிவின்படி வாரியம் பராமரிக்கும் இசைவாணைப் பதிவேட்டை, அக்கறை உடைய எவரும் அலுவலக நேரத்தில் நேரில் பார்வையிடலாம். அதற்கு இந்த விண்ணப்பமும் வேண்டியதில்லை.